பின் ஆக்சிலும் பின் பிரேக்கும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய பிரிட்டிஷ் கார்களைத் தாங்களே பழுதுபார்த்து ஓட்டும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில், இம்முறை பெரும்பாலானவை காரின் பின்பகுதியைப் பற்றியவை. 1962 முதல் 1980 வரை அபிங்டன் ஆலையில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிய கேள்விகளே அதிகம்; ஒரு கடிதம் மட்டும் ஜாகுவாரைப் பற்றியது. எம்ஜிபியின் பின்புறத்தில் ஸ்பிரிங்கும் பிரேக்கும் ஆக்சில் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் அச்சுக்கூடு) என்ற ஒரே உறுப்பைச் சார்ந்து நிற்கின்றன என்பதால், ஒன்றில் தெரியும் கோளாறுக்கான காரணம் அடிக்கடி மற்றொன்றில் இருக்கும். கீழே உள்ள பதில்களை அந்த நோக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என்னுடையது 1969ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரைக் கார்). இடது பின் டிரம்மைக் கழற்றினால் உள்ளே முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கு. ஆயில் சீலையும் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) பிரேக் ஷூக்களையும் (டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வளைந்த கட்டைகள்) புதிதாக மாற்றினேன். சில வாரங்களில் மறுபடியும் அதே நிலை. சீல் தரமற்றதா?

சீலைக் குறை சொல்வதற்கு முன், கசிந்திருப்பது எந்தத் திரவம் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆக்சில் எண்ணெய் கெட்டியானது. கந்தக வாடை வீசும். தண்ணீர் ஊற்றினால் கரையாது. பிரேக் திரவம் நீர்த்தது, தண்ணீரோடு கலந்துவிடும், பட்ட இடத்தில் பெயின்ட்டை உரித்துவிடும். கசிவது பிரேக் திரவமானால், ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர்கள்தாம் காரணம். அப்போது ஆக்சிலைத் தொடவே வேண்டாம். வீல் சிலிண்டரின் தூசு உறையை மெதுவாக விலக்கிப் பார்த்தால், உள்ளே ஈரம் இருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

ஆக்சில் எண்ணெய்தான் என்றால், நான் முதலில் பார்க்கச் சொல்வது ஆக்சில் ஹவுசிங்கின் மேலே உள்ள சிறிய காற்றுத் துளையை. கார் ஓடும்போது பல்சக்கரங்கள் சூடேறி, உள்ளிருக்கும் காற்று விரிவடைகிறது. அந்தத் துளை சேற்றாலோ பழைய பெயின்ட்டாலோ அடைபட்டிருந்தால், அழுத்தம் வெளியேற வேறு வழியின்றி இரு முனைகளிலும் உள்ள சீல்களின் வழியே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளிவரும். எத்தனை புதிய சீல்களைப் போட்டாலும் இந்த நிலையில் அவை தாங்கா. துளையுள்ள பகுதியைக் கழற்றி, சுத்தம் செய்து, காற்று தடையின்றிப் போகிறதா என்று ஊதிப் பாருங்கள்.

அடுத்தது எண்ணெயின் அளவு. உங்கள் காரில் உள்ள குழாய் வகை ஆக்சிலில் (1967க்குப் பிந்தைய ரோட்ஸ்டர்களிலும், 1965இல் வெளிவந்தது முதலே மூடிய கூரை கொண்ட ஜிடி மாதிரியிலும் இருப்பது) எண்ணெய் ஊற்றும் துளை பின்புறம் இருக்கிறது. காரின் பின்பகுதியை மட்டும் ஜாக்கியால் தூக்கி நிறுத்திவிட்டு எண்ணெய் ஊற்றினால், ஆக்சில் முன்பக்கமாகச் சரிந்து அந்தத் துளை வழக்கத்தைவிட உயர்ந்துவிடும். அது வழியும்வரை ஊற்றும்போது தேவைக்கு மேல் எண்ணெய் உள்ளே போய்விடுகிறது. காரைச் சமதளத்தில் நான்கு சக்கரங்களிலும் நிறுத்தி, துளையின் மூடியைத் திறந்து, மிகுதி இருந்தால் தானாக வழிந்தோட விடுங்கள்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் கசிவு தொடர்ந்தால், சீலின் உதடு உரசிச் சுழலும் வளையத்தைப் பாருங்கள். பல்லாண்டுகள் ஒரே இடத்தில் உரசியதால் அதில் நகத்தால் தடவினாலே உணரக்கூடிய பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தின்மேல் புதிய சீல் சரியாகப் படியாது. வளையத்தை மாற்ற வேண்டும். அதே நேரத்தில் பேரிங்கையும் சோதியுங்கள். பேரிங் தேய்ந்து அச்சு மேலும் கீழும் ஆடினால், சீல் எவ்வளவு நல்லதானாலும் ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் விலகித்தான் நிற்கும்.

மறுபடி பூட்டும்போது ஹப்பை (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதியை) பிடித்திருக்கும் பெரிய நட்டை 150 பவுண்டு-அடி விசைக்கு முறுக்க வேண்டும். கையால் குத்துமதிப்பாக முறுக்கி விடுபவர்கள் பலர். அது தளர்ந்தால் ஹப்பின் உள்பற்கள் தேய்ந்து, காரைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் 'டொக்' என்ற சத்தம் கேட்கத் தொடங்கும். பூட்டூசியின் துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் சற்று இறுக்கி நேராக்குங்கள். ஒருபோதும் பின்னால் தளர்த்தி நேராக்க வேண்டாம்.

எண்ணெயில் ஊறிய ஷூக்களைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ மீட்க முயல வேண்டாம். ஷூவின்மேல் உரசும் பட்டையான லைனிங் உறிஞ்சிய எண்ணெய், பிரேக் சூடேறியதும் மறுபடி மேலே வரும். ஒரு பக்கம் கெட்டிருந்தாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையேல் அவசரமாக நிறுத்தும்போது காரின் பின்பகுதி ஒரு பக்கமாக இழுக்கும். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். பிரிட்டன் வெள்ளைக் கல்நாரின் பயன்பாட்டை 1999இல்தான் தடை செய்தது. ஆகவே டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதாதீர்கள். பிரேக் கழுவும் திரவத்தால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

கேள்வி: எம்ஜிபியின் பின் ஸ்பிரிங்குகள் இரண்டையும் புதிதாக மாற்றிய பிறகு, காரின் பின்பகுதி தூக்கிக்கொண்டு நிற்கிறது. மேடுபள்ளத்தில் ஓடும்போது விறைப்பாக இருக்கிறது. சில நேரம் கிரீச் சத்தமும் வருகிறது.

நீங்கள் புஷ் (ஸ்பிரிங் முனையிலுள்ள ரப்பர் உறை) போல்ட்டுகளை எப்போது இறுக்கினீர்கள் என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. என் ஊகம், கார் ஸ்டாண்டுகளின்மேல் தூக்கி நிற்கையிலேயே, ஆக்சில் தொங்கிய நிலையில் இறுக்கிவிட்டீர்கள் என்பது. ஸ்பிரிங்கின் முன்கண்ணில் உள்ள புஷ் வழுக்கிச் சுழல்வதற்காகச் செய்யப்பட்டதன்று. நடுவிலுள்ள இரும்புக் குழல் போல்ட்டால் அசையாமல் பிடிக்கப்பட, அதைச் சுற்றிய ரப்பர் முறுகிக்கொடுப்பதால்தான் ஸ்பிரிங் அசைகிறது. ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரைத் தரையில் இறக்கிய கணமே ரப்பர் முழுவதும் முறுகிவிடுகிறது. அந்த முறுக்கம் காரை மேலே தள்ளுகிறது, ஓட்டத்தை விறைப்பாக்குகிறது, ரப்பரையும் விரைவில் கிழிக்கிறது. முன் போல்ட்டையும், ஸ்பிரிங்கின் பின்முனையைப் பிடிக்கும் ஷாக்கிள் நட்டுகளையும் தளர்த்தி, காரைத் தரையில் இறக்கி, பின்பகுதியைக் கையால் பலமுறை அழுத்தி அசைத்துவிட்டு, சக்கரங்களில் எடை நிற்கும்போதே மறுபடி இறுக்குங்கள். பாதித் தொல்லை இத்தோடு தீர்ந்துவிடும்.

மீதிக்குக் காரணம் தவறான ஸ்பிரிங்காக இருக்கலாம். 1974இன் இறுதியில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தபோது, அமெரிக்க விதிகள் கேட்ட பம்பர் உயரத்துக்காக எம்ஜிபியின் நிற்கும் உயரத்தையே கூட்டினார்கள். அந்தக் காலத்துக் காருக்குரிய ஸ்பிரிங்கை, குரோம் பம்பர் பொருத்திய முந்தைய காரில் போட்டால் பின்பகுதி தூக்கித்தான் நிற்கும். வாங்கியபோது உங்கள் காரின் ஆண்டைச் சொன்னீர்களா என்று பாருங்கள். சரியான ஸ்பிரிங் என்றாலும் புதியது சிறிது காலம் ஓடிய பின்தான் படியும். அதுவரை பொறுத்திருந்து, பிறகு இரு பக்கமும் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை அளந்து ஒப்பிடுங்கள்.

கிரீச் சத்தத்துக்கு ஸ்பிரிங் பட்டைகளின் இடையே எண்ணெய் விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த எண்ணெய் வழிந்து, ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவிலுள்ள ரப்பர்த் திண்டுகளைக் கெடுக்கும். அந்தத் திண்டுகள் தேய்ந்திருந்தாலும், நடு போல்ட்டின் தலை ஆக்சிலின் குழியில் சரியாக உட்காராமல் இருந்தாலும், ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யு-போல்ட்டுகளை எவ்வளவு இறுக்கினாலும் ஆக்சில் மெல்ல நகரும். சில நாள் ஓட்டிய பின் யு-போல்ட்டுகளின் நட்டுகளை மறுபடி ஒரு முறை இறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

ஸ்பிரிங்கைக் கழற்றும் எல்லோருக்கும் ஒரு வார்த்தை: ஸ்டாண்டுகளைக் காரின் சட்டகத்துக்குக் கீழே, ஸ்பிரிங்கின் முன் பிடிப்புக்குச் சற்று முன்னால் வையுங்கள், ஆக்சிலைத் தனியாக ஜாக்கியால் தாங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள்.

கேள்வி: பழைய நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர்களை எடுத்துவிட்டு, குழாய் வகையைப் பொருத்தினால் நல்லதா?

நல்ல நிலையில் உள்ள நெம்புகோல் ஷாக் அப்சார்பர், இந்தக் காரின் சாதாரண ஓட்டத்துக்கு முற்றிலும் போதுமானது. அதற்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம், பல கார்களில் அது எண்ணெயே இல்லாமல் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதுதான். கீழ் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஷாக் அப்சார்பரின் கையை (நெம்புகோலை) மேலும் கீழும் முழு வீச்சுக்கு மெதுவாக அசைத்துப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே சீரான தடை இருக்க வேண்டும். நடுவில் எங்காவது வெறுமையாக விழுந்தால், உள்ளே காற்று புகுந்திருக்கிறது அல்லது எண்ணெய் குறைந்திருக்கிறது. மூடியைச் சுற்றிலும் நன்றாகத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகே திறந்து, ஷாக் அப்சார்பருக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை ஊற்றி, கையை அசைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். இன்ஜின் எண்ணெய் இதற்கு உதவாது. அச்சு வெளிவரும் இடத்தில் எண்ணெய் ஒழுகினால், சீல் மாற்றிப் புதுப்பித்த ஒன்றை வாங்குவதே சிக்கனம்.

குழாய் வகைக்கு மாறுவது தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பிடிக்கும் தகடுகள் காரின் உடலில் எங்கே விசையைத் தருகின்றன என்பதைப் பார்த்து வாங்குங்கள். மேலும், ஆக்சில் அளவுக்கு மீறித் தொங்காமல் தடுக்கும் பட்டைகள் இற்றுப்போயிருந்தால், எந்த வகை ஷாக் அப்சார்பரும் சீக்கிரம் கெடும். ஆக்சிலுக்குப் போகும் பிரேக் ஹோஸும் இழுபடும். அந்தப் பட்டைகளை மாற்ற அதிகச் செலவில்லை.

கேள்வி: புதிய ஷூ போட்டும் ஹேண்ட் பிரேக் கடைசிவரை மேலே வருகிறது. கேபிளை எவ்வளவு இறுக்க வேண்டும்?

கேபிளை இப்போது தொடவேண்டாம். முதலில் ஷூக்களைச் சரிசெய்ய வேண்டும். ஹேண்ட் பிரேக்கைக் கீழே விட்டு, டிரம்முக்குப் பின்னாலுள்ள தகட்டில் சதுரத் தலையோடு நிற்கும் சரிசெய்யும் திருகை, சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை வலஞ்சுழியாகத் திருப்புங்கள். பிறகு சக்கரம் தடையின்றிச் சுழலும்வரை மட்டும் பின்னால் விடுங்கள். இரு பக்கமும் இதைச் செய்து, பிரேக் பெடலைப் பலமாக மிதித்து ஷூக்களை நடுவில் உட்காரவைத்து, மறுபடி ஒருமுறை சோதியுங்கள். இதற்குப் பிறகும் நெம்புகோல் அதிகம் மேலே வந்தால் மட்டுமே கேபிளை இறுக்க வேண்டும். முதலிலேயே கேபிளை இறுக்கிவிட்டால், ஷூக்கள் தம் இருப்பிடத்துக்குத் திரும்ப முடியாமல் டிரம்மோடு உரசிக்கொண்டே ஓடும்.

சதுரத் திருகுக்குச் சதுர ஸ்பேனரையே பயன்படுத்துங்கள். பிடிப்பான் கொண்டு திருப்பி மூலைகளை மழுங்கடித்துவிட்டால், பிறகு தகட்டையே கழற்ற வேண்டிவரும். அது இறுகியிருந்தால் ஊடுருவும் எண்ணெயைப் பின்புறமிருந்து விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். டிரம்முக்குள் ஒரு துளியும் போகக் கூடாது. இந்தக் காரின் போல்ட்டுகள் பெரும்பாலும் அங்குல அளவு மரை கொண்டவை என்பதால், மெட்ரிக் ஸ்பேனர்களை ஒதுக்கிவையுங்கள்.

கேள்வி: சில மாதங்கள் நிறுத்திவைத்த காரில், பின் சக்கரங்கள் இரண்டும் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. வீல் சிலிண்டர் இரண்டையும் மாற்றலாமா?

இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்திருப்பதால் சிலிண்டர்களை நான் முதலில் சந்தேகிக்கமாட்டேன். ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெடலை ஒருமுறை மிதித்துவிட்டு, பின் பிரேக்கின் காற்று எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் திறங்கள். திரவம் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால், அழுத்தம் வழியில் எங்கோ சிக்கியிருக்கிறது என்று பொருள். எம்ஜிபியில் உடலிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்றுதான். அது உள்ளுக்குள் வீங்கி, திரவத்தை உள்ளே விட்டுத் திரும்ப விடாமல் தடுத்திருக்கும். வெளியே பார்த்தால் புதிது போலவே தெரியும். அதை மாற்றுங்கள். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடுபடவில்லை என்றால் கோளாறு டிரம்முக்குள்ளோ கேபிளிலோ இருக்கிறது. சிலிண்டரை மாற்ற நேர்ந்தால், அதைத் தகட்டோடு பிடித்திருக்கும் வளைவுக் கிளிப்பைப் புதிதாகப் போடுங்கள். பழையதை மறுபடி பூட்டினால் பிடிமானம் போதாது.

கேள்வி: சிலிக்கான் பிரேக் திரவத்துக்கு மாறலாமா?

மாறலாம், ஆனால் பாதியில் அல்ல. வழக்கமான டாட் 4 திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதன் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலைக்கான குறைந்த வரம்பு 155 டிகிரி. டாட் 5 எனப்படும் சிலிக்கான் திரவம் ஈரத்தை உறிஞ்சாது, பெயின்ட்டையும் கெடுக்காது. எனினும் இரண்டும் கலக்கக் கூடாதவை. ரப்பர்கள், ஹோஸ்கள் அனைத்தையும் மாற்றி, குழாய்களைக் கழுவிக் காயவைத்த பிறகே மாறுங்கள். டாட் 5.1 என்று விற்பது சிலிக்கான் அன்று. முழுமையான பழுதுபார்ப்பைத் திட்டமிடாதவர்கள் டாட் 4 திரவத்தையே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருப்பது நல்லது.

கேள்வி: ஜாகுவார் இ-டைப் வைத்திருக்கிறேன். பின் பிரேக் டிஸ்க்குகள் எண்ணெயில் நனைந்திருக்கின்றன. பின் சக்கரங்களின் சாய்வும் இரு பக்கமும் ஒன்றாக இல்லை. இரண்டையும் தனித்தனி வேலையாகச் செய்யலாமா?

இதைத் தனித்தனியாகச் செய்வது இரட்டை வேலை. 1961இல் இ-டைப்போடு வந்த இந்தப் பின் அமைப்பை, மார்க் 10, எக்ஸ்ஜே6 என்று பல மாதிரிகளில் ஜாகுவார் பல்லாண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தியது. இதில் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லாமல், நடுவில், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை இதனால் குறைகிறது. கார் மென்மையாக ஓடுவதற்கு அது ஒரு பெரிய காரணம். அதற்குக் கொடுக்கும் விலை, டிஸ்க்கின் சூடு முழுவதும் பக்கத்திலுள்ள ஆயில் சீலை வாட்டுகிறது என்பது. சீல் கருகி விரிந்தால் எண்ணெய் நேராக டிஸ்க்கில்தான் விழும்.

மேலே சொன்னபடி இங்கும் காற்றுத் துளையை முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால், டிஃபரன்ஷியலிலிருந்து இருபுறமும் வெளிவரும் அச்சுகளின் சீல்களையும், அந்த பேரிங் பகுதி உடலோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் வளையங்களையும் மாற்ற வேண்டும். அந்த அச்சின் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கக்கூடிய ஒரு குழல் இருக்கிறது. மறுபடி பூட்டும்போது அதைப் புதிதாகப் போட்டு, பேரிங்கின் இறுக்கத்தைக் கையேட்டின்படி அளந்தே நிறுத்த வேண்டும். டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரின் போல்ட்டுகளைக் கம்பியால் கட்டிப் பூட்டுவதையும் விட்டுவிடாதீர்கள்.

இவற்றைக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டே செய்து முடித்தவர்கள் உண்டு என்றாலும், இவற்றைத் தாங்கும் முழுக் கூட்டையும் கீழே இறக்கிச் செய்யும்படியே நான் சொல்வேன். புகைக்குழாய்கள், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றை விடுவித்து, முன்னோக்கி நீளும் இரு ஆரக் கைகளை உடலிலிருந்து கழற்றி, கூட்டை நன்றாகத் தாங்கிக்கொண்ட பிறகு நான்கு ரப்பர் தாங்கிகளையும் அவிழ்த்தால் முழு அமைப்பும் இறங்கிவிடும். ஆரக் கைகள் துருவால் பிடித்திருப்பதே இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. அவை சேரும் உடலின் கிண்ணங்கள் துருவேறி இளகியிருந்தால், வேறு எதையும் விட முதலில் அந்த உலோகத்தைச் சீர்செய்யுங்கள்.

சாய்வைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை, இந்த அமைப்பில் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டே மேல் கையாகவும் வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. அதன் யுனிவர்சல் ஜாயின்ட் தேய்ந்தால், ஓட்டத்தில் 'டொக்' என்ற சத்தம் வருவதோடு சக்கரமும் சாயும். கீழ்க் கையின் உள்முனையில் ஊசி பேரிங்குகளும் வெளிமுனையில் கூம்பு பேரிங்குகளும் உள்ளன. கிரீஸ் இல்லாமல் ஈரம் புகுந்து அவை துருவேறியிருக்கலாம். ஹப்பின் பக்கவாட்டு ஆட்டம் 0.05 மி.மீ. முதல் 0.15 மி.மீ. வரை இருக்க வேண்டும். இத்தனையும் சரியான பிறகே சாய்வை அளப்பதில் பொருளுண்டு. ஸ்பிரிங்குகளைக் குறித்த உயரத்தில் பிடித்து நிறுத்தும் இணைப்புக் கம்பிகளைப் பொருத்தி அளக்கையில், சக்கரத்தின் மேற்பகுதி முக்கால் டிகிரி உள்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கால் டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். டிஸ்க்குக்கும் ஷாஃப்ட்டின் தட்டுக்கும் இடையில் வைக்கும் அரை மி.மீ. தகடு ஒன்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ ஏறத்தாழ கால் டிகிரி மாறும். டிஸ்க்கின் மறுபுறத்தில், டிஃபரன்ஷியல் பக்கமாக வைக்கும் தகடுகள், டிஸ்க்கைக் கேலிப்பரின் நடுவில் நிறுத்துவதற்கானவை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் சாய்வு சரியாகும், டிஸ்க் ஒரு பக்கம் உரசும். ஆகவே முதலில் டிஸ்க்கை நடுவில் நிறுத்திவிட்டு, பிறகு சாய்வுக்கான தகடுகளைக் கணக்கிடுங்கள்; கூட்டைக் காரில் ஏற்றி, சக்கரங்களில் எடை விட்ட பின் ஆரக் கைகளின் போல்ட்டுகளை இறுதியாக இறுக்கி, பிரேக்கில் காற்று எடுத்து, ஹேண்ட் பிரேக்குக்கென்று தனியாக உள்ள சிறு கேலிப்பர்களையும் சரிபார்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.